ஒரு செட்டுப் பலகை

கார்த்திகை பிறந்தால் ஆனந்தகுமார் வீட்டுக் கட்டில்கள் செங்கல்மேல் ஏறிவிடும். தை கழியும்வரை இறங்காது. மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், மிளகுக் கிடங்குகளின் பின்சுவரை ஒட்டிப் போகும் சந்தில் அவர் வீடு. அந்தச் சந்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கட்டில், பீரோ, பிரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் காலுக்கடியில் செங்கல் வைத்துக்கொண்டுதான் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வேண்டுதல் ஒன்றுமில்லை, வேலியேற்றம்தான். பௌர்ணமியும் அமாவாசையும் நெருங்கினால் காயல் பொங்கித் தோட்டுக்குள், அதாவது ஊருக்குள் ஓடும் கால்வாய்க்குள் ஏறும், தோடு நிறைந்து வீட்டுக்குள் ஏறும். மழை வெள்ளமென்றால் வானத்தையாவது வாய்க்கு வந்தபடி திட்டலாம். இது வானம் வெளுத்துக் கிடக்கும் காலையில், ஒரு சத்தமுமில்லாமல், சமையலறைச் சாக்கடை வழியாக, பழகின சொந்தக்காரன் மாதிரி உள்ளே வரும். கணுக்காலளவு நிற்கும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, உப்பையும் சேற்றையும் நாற்றத்தையும் வைத்துவிட்டுப் போகும். மறுநாள் மறுபடி வரும்.

ஆனந்தகுமார் நகரசபையின் என்ஜினீயரிங் பிரிவில் ஓவர்சியர். தண்ணீரைத் தடுக்கிற சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. ஊருக்கெல்லாம் அது வேடிக்கை. "சாவி வச்சிருக்கிற வீட்டுக்குள்ளேயே வெள்ளம்" என்று சாயாக்கடையில் சிரிப்பார்கள். அவரும் முதல் இரண்டு வருஷம் சேர்ந்து சிரித்தார். அப்புறம் சிரிக்கவும் சலித்துவிட்டது.

சாவியின் கதையைச் சொல்லியாக வேண்டும். காயலிலிருந்து வரும் தோடு ஒரு பழைய பாலத்துக்கடியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நகரசபை எல்லைக்குள், கிடங்குகளையும் சந்துகளையும் சுற்றிக்கொண்டு போகிறது. இன்னொன்று புதுத்துருத்துப் பஞ்சாயத்துக்குள், தென்னைகளுக்கும் இறால் வளர்க்கிற செம்மீன் கட்டுகளுக்கும் நடுவே போகிறது. நகரத்துக் கிளையை அடைத்தால் பஞ்சாயத்து மூழ்கும். பஞ்சாயத்துக் கிளையை அடைத்தால் நகரம் மூழ்கும். தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? முன்பெல்லாம் ஆளுக்கு ஆள் மணல் மூட்டை போட்டு அடைப்பார்கள், எதிர்க்கரையார் வந்து பிடுங்கிப் போடுவார்கள். இரண்டு முறை மண்டை உடைந்தது. அதற்கப்புறம்தான் நகரசபையும் பஞ்சாயத்தும் சேர்ந்து ஒரு கூட்டுக் கமிட்டி அமைத்தன.

கமிட்டி கூடியது, பஜ்ஜி தின்றது, கலைந்தது. மறுபடி கூடியது. கடைசியில் இரண்டு கிளைகளின் வாயிலும் சிமெண்ட் தூண் கட்டி, பலகை இறக்குவதற்குப் பள்ளம் வைத்தார்கள். பள்ளம் இரண்டு ஜோடி. பலகை மட்டும் ஒரு செட்டு. முதல் வருஷம் எந்தப் புண்ணியவானின் யோசனையோ, ஆளுக்குப் பாதிப் பலகை என்று பங்கு போட்டார்கள். நீதியென்றால் நீதி. பாதி உயரப் பலகைக்கு மேலே தண்ணீர் வழிந்து இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் மூழ்கின. அப்படியென்றால் இன்னொரு செட்டு வாங்கிவிடலாமே என்றார்கள். இரண்டு வாயையும் அடைத்தால் தண்ணீர் கீழே இருக்கிற இன்னொரு பஞ்சாயத்துக்குள் ஏறும். அவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கி வந்துவிட்டார்கள்.

ஆகவே முறை. ஒரு நாள் பலகை நகரத்துப் பள்ளத்தில், மறுநாள் பஞ்சாயத்துப் பள்ளத்தில். இன்று உங்கள் வீட்டில் வெள்ளம், நாளை எங்கள் வீட்டில். தினமும் சாயங்காலம் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது பலகையை இடம் மாற்ற வேண்டும். யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று பலகைகளைப் பிணைக்கும் இரும்புப் பட்டைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி நகரசபையின் கையில், அதாவது ஆனந்தகுமாரிடம். இன்னொன்று பஞ்சாயத்தின் கையில், அதாவது வார்டு மெம்பர் ட்ரீசாவிடம். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் பலகை நகரும். ஆறு வருஷமாக இருவரும் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

இந்த வருஷம் கார்த்திகைப் பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கும்போது ஆனந்தகுமாரின் மனைவி கற்பகத்துக்கு வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சர்க்கரை. ஒரு செருப்புக் கடி புண்ணாகி, புண் கறுத்து, கறுப்பு ஏறி, கடைசியில் கத்திதான் வழி என்றாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஆனந்தகுமாரைத் தனியாகக் கூப்பிட்டார். காலில் போட்ட கட்டின்மேல் ஈரம் படவே கூடாது, அதுவும் சாக்கடைத் தண்ணீர் பட்டால் அடுத்த முறை விரலோடு நிற்காது, கணுக்காலுக்கு மேலே போகவேண்டியிருக்கும் என்றார். "வீடு எவிடெயா?" என்று கேட்டார். மட்டாஞ்சேரி என்று சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டில் படுக்க வைத்ததும் கற்பகம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"நாளைக்குக் காலையில யார் முறை?"

"அவங்க முறை" என்றார் ஆனந்தகுமார். அதாவது இன்று சாயங்காலம் பலகை பஞ்சாயத்துப் பள்ளத்துக்குப் போகும். நாளைக் காலை மட்டாஞ்சேரி மூழ்கும். நாளை பௌர்ணமி. வருஷத்தில் பெரிய ஏற்றம் அதுதான்.

கற்பகம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கட்டில் உயரத்தில் இருக்கிறது, படுத்திருந்தால் தண்ணீர் படாது. ஆனால் எத்தனை நேரம் படுத்திருக்க முடியும்? கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். மகள் அம்மு எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறாள், கூட மூன்று பெண்கள் தங்கியிருக்கும் அறை, மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. "அம்மாவைத் தூக்கிட்டு வாங்கப்பா, பார்த்துக்கலாம்" என்று போனில் அழுதாள். கற்பகம் போனை வாங்கி, "நான் என்ன அரிசி மூட்டையா, மாடி மாடியாத் தூக்க? நீ வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் கணவரிடம் திரும்பி, "சாவி உங்க கையிலதானே இருக்கு" என்றாள்.

"ஒரு சாவிதான் கற்பகம்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள்.

ஆனந்தகுமார் வெளியே வந்து கமிட்டியின் கன்வீனருக்குப் போன் செய்தார். ஆறு வருஷத்தில் அவர் தனக்காக ஒரு காரியம் கேட்டதில்லை. சந்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறார்கள், புண்ணியதானம் நடத்தணும், ஒரே ஒரு நாள் முறையை மாற்றிக் கொடு என்று. ஒருவருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை. ஒருவருக்கு மாற்றினால் ஒன்பது பேர் வரிசையில் நிற்பார்கள், அப்புறம் முறையாவது மண்ணாவது. அதனால் இழுத்து இழுத்துத்தான் கேட்டார்.

கன்வீனர் நல்ல மனிதர். கமிட்டியில் இருக்கிற நல்ல மனிதர்கள் எல்லாருக்கும் வருகிற நோய் அவருக்கும் வந்திருந்தது. யாரையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், சரி என்றும் சொல்லமாட்டார். "ஆனந்தா, ரெண்டு சைடும் சம்மதிச்சா எனக்கென்ன ஆட்சேபணை? ஆனா எழுத்துல வேணும். ரெண்டு செக்ரட்டரியும் கையெழுத்துப் போடணும். நாளைக்கு செகண்ட் சாட்டர்டே ஆச்சே. திங்கட்கிழமை பார்ப்போமா?"

"திங்கட்கிழமைக்குள்ள பெரிய ஏற்றம் கழிஞ்சிடும் சார்."

"அதும் சரிதான்" என்றார் அவர், ஒரு பிரச்சினை தானாகவே தீர்ந்துவிட்ட திருப்தியோடு.

தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஆனந்தகுமார் ட்ரீசாவிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். எழுத்தும் வேண்டாம் கையெழுத்தும் வேண்டாம். சாவி இருவரிடமும் இருக்கிறது. இருவரும் பலகையைத் தொடாமல் அவரவர் வழியே போய்விட்டால் அது இருக்கிற இடத்திலேயே, நகரத்துப் பள்ளத்திலேயே கிடக்கும்.

சாயங்காலம் பாலத்தடிக்குப் போனபோது ட்ரீசா முன்னமே வந்து கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அறுபதை நெருங்குகிற வயது. இளவயதில் மட்டாஞ்சேரிக் கிடங்கில் சுக்கு புடைக்க வந்தவர். அங்கே கூட வேலை செய்த தமிழ்ப் பெண்களிடம் கற்றுக்கொண்ட தமிழை மலையாளத்தோடு பிசைந்து பேசுவார். இப்போது இரண்டாம் முறை மெம்பர். ஆனந்தகுமார் அவரைச் சேச்சி என்பார், அவர் இவரைச் சாரே என்பார். ஆறு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். யார் வீட்டுக்குள்ளும் யாரும் போனதில்லை.

"எந்தா சாரே, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

பலகை தூக்க வந்த நான்கு தொழிலாளிகளும் பாலத்தின் மறுபக்கம் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தகுமார் அவர்களுக்குக் கேட்காதபடி விஷயத்தைச் சொன்னார். கற்பகத்தின் காலை, டாக்டர் சொன்னதை, கழிப்பறை இருக்கிற இடத்தை. சொல்லச் சொல்ல அவருக்கே தன் குரல், நகரசபை வராந்தாவில் மனுக் கொடுக்க நிற்கிறவர்களின் குரல் மாதிரி கேட்டது. "ஒரு நாள் மட்டும் சேச்சி. அதுக்கு அடுத்து ரெண்டு நாள் சேர்த்து நீங்களே வச்சுக்குங்க" என்று முடித்தார்.

ட்ரீசா தோட்டின் பக்கம் திரும்பினார். வற்றின சேற்றில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது.

"எத்தனை விரல் எடுத்தது?"

"ரெண்டு."

"ஐயோ என்டெ ஈசோயே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார். "எனிக்கு ஆவாது சாரே."

ஆனந்தகுமாருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"கோபப்படாதே சாரே. கேளு. என் வீடு மாத்திரம்னா நான் சரின்னு சொல்லியிருப்பேன். என் மருமகள் ஜின்சி பிரசவிச்சு ஆசுபத்திரியில இருந்து இன்னலெ, நேத்துதான் வந்தது. குஞ்ஞு ஒரு உள்ளங்கை அத்தனைதான் இருக்கு. அதையும் விடு. நாங்க எப்படியும் நனைஞ்சு சீலிச்ச, பழகின ஆளுங்க. ஆனா எங்க வார்டுல எத்தனை வீடு? எல்லாரும் நாளைக்கு நம்ம முறைன்னு பாயை எல்லாம் கீழே விரிச்சாச்சு. ஒருத்தன் நாளைக்கு வீட்டுல பிள்ளைக்கு ஞானஸ்நானம், மாமோதீசா விருந்து வச்சிருக்கான். நான் சாயங்காலம் போயி, சாரோட பொண்டாட்டிக்கு சுகமில்லே, அதனால எல்லாரும் நனையுங்கன்னு சொல்லணுமா? சாரு சொல்லுவியா, உன் சந்துல போயி?"

சொல்லமாட்டார். சொன்னதில்லை. ஆனந்தகுமார் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். ட்ரீசா தன் முந்தானை முடிச்சிலிருந்த சாவியை எடுத்தார். இரண்டு பூட்டும் உப்புப் பிடித்து, எண்ணெய் விட்டால்தான் திறக்கும். தொழிலாளிகள் இறங்கிப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, எதிர்ப் பள்ளத்தில் இறக்கினார்கள். கடைசிப் பலகை பொருந்தாமல் முரண்டு பிடிக்க, ஆனந்தகுமாரே சேற்றில் இறங்கி மிதித்து உட்கார வைத்தார். தன் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்குத் தானே மிதித்துக்கொடுத்ததை நினைக்க அவருக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அசதிதான் வந்தது. ஓவர்சியராகச் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்து வைத்த அசதி முழுவதும் அந்த மிதியில் இறங்கியது மாதிரி இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் கற்பகம் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவளோ, "அந்தப் பக்கம் யாருக்காவது சுகமில்லையா?" என்று கேட்டாள். பச்சைக் குழந்தை இருப்பதைச் சொன்னார்.

"அப்படின்னா நீங்க கேட்டிருக்கவே கூடாது."

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே சாவி, சாவின்னே?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். கால் போற பயத்துல சொல்லுவேன்" என்றாள் கற்பகம். குரல் உடைந்தது. "பயமாத்தான் இருக்குங்க. ரொம்ப பயமா இருக்கு."

கல்யாணமாகித் தென்காசியிலிருந்து இந்தச் சந்துக்கு வந்த நாளிலிருந்து அவள் பயம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. முதல் வேலியேற்றத்தின்போது, இருபது வயதுப் பெண், சமையலறையில் தண்ணீரில் நின்றபடி தோசை சுட்டுவிட்டு, "நல்ல ஊருக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்காங்க, வீட்டுக்குள்ளேயே ஆறு" என்று சிரித்தவள். ஆனந்தகுமார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நல்ல காலைத் தடவிக் கொடுத்தார். 

பிறகு வேலையைப் பார்த்தார். கட்டில் கால்களுக்கு இன்னும் ஒவ்வொரு செங்கல் ஏற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு கை கொடுத்தார். கட்டில் இப்போது மேடை மாதிரி நின்றது. ஏற ஸ்டூல் வைக்க வேண்டியிருந்தது. காலுக்கு இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக் உறை கட்டிப் பார்த்தார். உள்ளே வியர்த்தது, அதுவும் ஈரம்தான் என்று அவிழ்த்தார். சாக்கடை வாயில் சாக்குச் சுருட்டி அடைத்தார், அடைத்தும் பிரயோஜனமில்லை என்று தெரிந்தே அடைத்தார். கற்பகம் சாயங்காலத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போகாமல் இருக்கத்தான்.

விடியக் கருக்கலில், சாக்குக்கடியில் ஈரம் கசிய ஆரம்பித்திருந்த நேரம், சந்து முனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் ட்ரீசா. வீட்டில் உடுக்கிற சட்டையும் முண்டும், மேலே ஒரு ஸ்வெட்டர். பின்னால் அவர் மகன், ஜின்சியின் புருஷன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்தபடி நின்றான்.

"நீ எழும்பியிருப்பேன்னு அறியும். வெள்ளம் ஏறிச்சோ?"

"இப்பத்தான் தொடங்குது" என்றார் ஆனந்தகுமார், ஒன்றும் புரியாமல்.

"அப்போ பெட்டெந்நு கிளம்பு. அரை மணிக்கூர் போனா சந்துல ஆட்டோ வராது." ட்ரீசா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனார். கட்டிலின் உயரத்தைப் பார்த்து, "ஈசோயே, இதென்ன சர்ச்சுல இருக்கிற அல்தாரா?" என்றார். பிறகு கற்பகத்தின் கையைப் பிடித்தார். "கற்பகம், நான் ட்ரீசா. அந்தச் சாவிக்காரி. எழும்பு, நம்ம வீட்டுக்குப் போலாம். அங்கே தரை பப்படம் மாதிரி உணங்கிக் கிடக்கு."

கற்பகம் கணவரைப் பார்த்தாள். ஆனந்தகுமார் திணறினார். "சேச்சி, நேத்திக்கு நீங்க முடியாதுன்னு..."

ட்ரீசா திரும்பினார். ராத்திரி அவரும் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"பலகை தரமாட்டேன்னுதானே சொன்னேன்? பலகை பஞ்சாயத்தோடது சாரே. அதை எடுத்து உனக்குத் தர எனக்கு அதிகாரமில்லே. வீடு என்டேதல்லவோ? அதுக்கு எந்த செக்ரட்டரிகிட்ட கையெழுத்து வாங்கணும்?"

ஆறு வருஷமாகக் கமிட்டி கூடுகிறது. என்ஜினீயர்கள் வந்தார்கள், வரைபடம் போட்டார்கள், பெரிய காலேஜிலிருந்து ஒரு புரொபசர் வந்து வேலியேற்றத்தைப் பற்றித் திரையில் படம் காட்டினார். பலகையை எப்படி மாற்றுவது, தண்ணீரை எப்படி மாற்றுவது என்றுதான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு கரை நனையும் நாளில் மறுகரை காய்ந்து கிடக்கிறது, நடுவில் ஒரு பாலம் இருக்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனந்தகுமாருக்கும்தான் தோன்றவில்லை. தினமும் அந்தப் பாலத்தடியில் நின்றுதான் அவர் சாவியைத் திருகினார்.

கற்பகம்தான் தயங்கினாள். "பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. நான் வேற புண்ணோட வந்து..."

"புண்ணு மூடித்தானே கட்டியிருக்கு? உனக்கு வேற முறி, தனி ரூம் இருக்கு. எங்க வீட்டுல மீன் மணக்கும், அது மாத்திரம் நீ சகிக்கணும்" என்றார் ட்ரீசா. "நாளைக்கு எங்க பக்கம் ஏறும். அப்போ ஜின்சியும் குஞ்ஞும் இங்கே வரும். உங்க சாம்பார் மணத்தை அவ சகிக்கட்டும். எழும்பு பெண்ணே."

மகனும் ஆனந்தகுமாரும் கற்பகத்தை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். மாடி ஏற்ற வேண்டாம், அரிசி மூட்டையாக வேண்டாம் என்று வீம்பு பிடித்தவள் இப்போது நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். சமையலறை வாசலைத் தாண்டும்போது தரையில் தண்ணீர் ஒரு விரல் அளவுக்கு ஏறியிருந்தது. கட்டுப் போட்ட காலை ட்ரீசா தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தார். மாதா கோயில் பெருநாள் பிரதட்சணத்தில் சொரூபத்தைக்கூட அவர் அவ்வளவு கவனமாகப் பிடித்திருக்க மாட்டார்.

ஆட்டோ பாலத்தில் ஏறியபோது ஆனந்தகுமார் கீழே பார்த்தார். நேற்று தான் மிதித்து உட்கார வைத்த கடைசிப் பலகைக்கு அந்தப் பக்கம் வெறும் சேறுதான் கிடந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் நுரைத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்குள் போய்க்கொண்டிருந்தது.

அன்று காலை சந்தில் முழங்காலளவு ஏறியது. ஆனந்தகுமார் மனைவியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மற்றவர்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுத்து, தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவினார். உப்புச் சேறு சுலபத்தில் போகாது. இடுப்பு ஒடிந்தது. மத்தியானம் கற்பகத்தை அழைத்து வந்தபோது அவள் காலிலிருந்த கட்டு, ஆஸ்பத்திரியில் போட்டது போட்டபடி, வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கவில்லை. துடைக்கக் கையெல்லாம் சேறு.

"அந்தப் பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கலையாம்" என்றாள் கற்பகம். "குழந்தை விடறதில்லையாம். நான்தான் மடியில போட்டுக்கிட்டேன், அவ ஒரு தூக்கம் தூங்கினா. சர்க்கரை போடாம சாயா குடுத்தாங்க. மீன் நாத்தம் கொஞ்சம் இருந்தது. பழகிடும்."

பழகிடும் என்றதில் ஆனந்தகுமாருக்கு ஒன்று உறைத்தது. இது தீர்ந்துவிட்ட காரியமில்லை. பலகை இன்னும் ஒரு செட்டுதான். தடையுத்தரவு அப்படியேதான் இருக்கிறது. அமாவாசை வரும், மார்கழி வரும், தை வரும். திங்கட்கிழமை கன்வீனரிடமிருந்து போன் வரும், கூட்டம் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறது என்று.

சாயங்காலம் பாலத்தடியில் ட்ரீசாவும் அவரும் பூட்டுகளைத் திறந்தார்கள். பலகைகள் நகரத்துப் பள்ளத்துக்கு மாறின. இருவரும் வழக்கம்போலத் தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்கள். கிளம்பும்போது ட்ரீசா, "ஜின்சிக்கு எரிவு ஆவாது. சாம்பாருல மிளகாய் குறைக்கச் சொல்லு" என்றார்.

அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் கற்பகம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கட்டிலைக் காட்டினாள்.

"அந்தச் செங்கல்லை எல்லாம் எடுத்துருங்க."

"நாளைக்கு ஒரு நாள்தான் கற்பகம் நமக்கு. நாளன்னைக்கு மறுபடி ஏறும். திரும்ப வைக்கணும்."

"வைப்போம். இப்ப எடுங்க. பிள்ளை பெத்த உடம்பு, அவ்வளவு உயரம் எப்படி ஏறுவா?"

ஆனந்தகுமார் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, இவர் ஒவ்வொரு காலாகக் குனிந்து செங்கல்களை உருவினார். கார்த்திகை மாதத்தில் அந்த வீட்டுக் கட்டில் தரையைத் தொடுவது அதுதான் முதல் தடவை. நான்கு கால்களும் இறங்கி நின்றதும் கற்பகம் ஒரு துணியை அவர் பக்கம் எறிந்தாள்.

"கால்ல உப்புப் படிஞ்சிருக்கு பாருங்க, துடைச்சிருங்க. குழந்தை வர்ற இடம்."

அவர் முழங்காலிட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.